எடையைச் சொல்லுங்கள், அட்டையைக் கொண்டு வாருங்கள்

கால்நடை மருத்துவரான எனக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிப் பேர் செல்லப்பிராணியின் வயதை எழுதவில்லை. முக்கால்வாசிப் பேர் எடையை எழுதவில்லை. "நாய்க்கு உடம்பு சரியில்லை, என்ன மருந்து கொடுக்கலாம்?" என்று ஒற்றை வரியில் வந்தவற்றை அப்படியே ஒதுக்கிவிட்டேன். எனக்கு ஜோசியம் தெரியாது. மற்றவற்றுக்கு வருவோம்.

எங்கள் பூனைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். வீட்டில் இருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்தோம். இன்று முகம் வீங்கினாற்போல் இருக்கிறது. மீதிப் பாதியையும் கொடுக்கலாமா? (மதுரை)

கொடுக்கக் கூடாது. இது கடிதம் எழுத வேண்டிய விஷயமே இல்லை, ஆட்டோ பிடிக்க வேண்டிய விஷயம். கடிதத்தைப் பார்த்தவுடன் இவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். ஈறு காப்பி நிறத்துக்கு மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை போதும், பூனை செத்துப்போக. விஷமுறிவு மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன். ஆனால் அதை மருத்துவமனையில்தான் கொடுக்க முடியும், சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

நாய் வைத்திருப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். வலி மாத்திரைகளான ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் குடலில் புண் போட்டுச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை 2006லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததுதான் காரணம். மெடிக்கல் கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் அவர் படித்தது மனிதருக்கு. வீட்டு மாத்திரை வேண்டாம்.

35 நாள் லேப்ரடார் குட்டி வாங்கினோம். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று சொல்லித் தடுப்பூசி அட்டையும் கொடுத்தார்கள். பத்தாம் நாள் வாந்தி, ரத்தபேதி. பார்வோ வைரஸ் என்றார் டாக்டர். ஊசி போட்ட குட்டிக்கு எப்படி வரும்? (ஈரோடு)

வாராவாரம் கேட்கும் கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 35 நாள் குட்டியை உங்களுக்கு விற்றதே தப்பு. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளிலேயே இருக்கிறது. இனவிருத்தி செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். குட்டி வாங்கப் போகிறவர் "அப்பா அம்மா படம் காட்டுங்க, கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) பேப்பர் காட்டுங்க" என்று கேட்கிறார். பதிவுச் சான்றைக் கேட்பதில்லை.

அடுத்தது, 35 நாளில் "எல்லா ஊசியும்" போட முடியாது. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை, நாம் போடுகிற தடுப்பூசியை அதுவே அமுக்கிவிடும். சில குட்டிகளுக்கு அது எட்டு வாரத்தில் வடியும், சிலவற்றுக்குப் பதினாலு வாரம்கூட ஆகும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில், குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். ஒரு வருடம் கழித்து பூஸ்டர். முப்பது நாளில் போட்ட ஊசி, நிஜமாகவே போட்டிருந்தாலும், பெரும்பாலும் வீண்.

நிஜமாகவே போட்டிருந்தால்! அட்டைக்கு வருகிறேன். ஒரு தடுப்பூசிக் குப்பியின் மேல் பிரித்து ஒட்டக்கூடிய சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும். ஊசி போட்ட டாக்டர் அதைப் பிரித்து அட்டையில் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் பதிவு எண்ணும் போட வேண்டும். இவ்வளவுதான். ஆனால் என் மேசைக்கு வரும் அட்டைகளைப் பாருங்கள். ஸ்டிக்கர் இருக்க வேண்டிய கட்டத்தில் பால்பாயின்ட் டிக். மூன்று தேதிக்கும் ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே மூச்சில் எழுதியது அப்பட்டமாகத் தெரியும். டாக்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கடையின் ரப்பர் ஸ்டாம்ப். ஒரு அட்டையில் முதல் ஊசியின் தேதி குட்டி பிறந்த தேதிக்கு நாலு நாள் முந்தையது. வயிற்றுக்குள்ளேயே போட்டிருப்பார்கள் போலிருக்கிறது! இந்த அட்டையை நம்பித்தான் குட்டியைத் தெருவில் நடக்க விடுகிறீர்கள், பக்கத்து வீட்டு நாயோடு விளையாட விடுகிறீர்கள்.

ஊசி அசலாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல். தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். பஸ்ஸில் கேரிபேக்கில் வந்து, கடை ஃபிரிட்ஜில் குல்ஃபிக்குப் பக்கத்தில் கிடந்து, மின்வெட்டில் இளகிய மருந்தைப் போட்டால் தண்ணீரைப் போட்ட மாதிரிதான். ஸ்டிக்கர் இல்லாத அட்டையோடு வரும் குட்டியை நான் ஊசியே போடாத குட்டியாகத்தான் எண்ணி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். "மறுபடியும் காசா?" என்று என்னிடம் கோபப்படுகிறவர்கள் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சரி, உங்கள் குட்டிக்கு வருவோம். பார்வோ வைரஸைக் கொல்லும் மாத்திரை என்று ஒன்றும் கிடையாது. டிரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, கிருமி ரத்தத்தில் ஏறாமல் ஆன்டிபயாட்டிக், உடம்புச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் சிகிச்சை. ஐந்தாறு நாள் உள்நோயாளியாக இருந்தால் பிழைக்கும் குட்டிகள் நிறைய. வீட்டில் மாதுளைத் தோல் கஷாயம் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் தூக்கி வந்தால் பிழைப்பவை சொற்பம். வீட்டுத் தரையில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயிலை நம்பாதீர்கள். கழிவை முதலில் வழித்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற விடுங்கள். அதே இடத்துக்கு வேறு குட்டியை இப்போதைக்குக் கொண்டு வராதீர்கள்.

புகைப்படம் அனுப்பினால் மருந்து எழுதித் தருவீர்களா? (பெயர், ஊர் இல்லை)

மாட்டேன்.

ஆண் பூனை, நாலு வயது. நேற்றிலிருந்து மண் தொட்டியில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? (கும்பகோணம்)

மலச்சிக்கல் என்று யார் சொன்னது? ஆண் பூனை முக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மூத்திர அடைப்பை. அதன் மூத்திரக் குழாயின் நுனி ஊசித்துளை மாதிரி. மணல் போன்ற படிகமும் சளியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். அடிவயிற்றை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டால் அதுதான். வலியில் கத்தினால் விட்டுவிடுங்கள், அமுக்கவே கூடாது. ஒரு நாள், ஒன்றரை நாள் தாண்டினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். மயக்கம் கொடுத்துக் கதீட்டர் குழாய் போட்டு அடைப்பை எடுப்பது பெரிய வித்தை இல்லை. நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் இதைப் படிக்கும்போது மருத்துவமனையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் பொமரேனியனுக்கு ஐந்து வயது. ஒரு ஈற்றாவது குட்டி போட்டால்தான் ஆரோக்கியம், அப்புறம் கருத்தடை செய்யலாம் என்கிறார்கள். சரியா? (நாகர்கோவில்)

சரியில்லை. குட்டி போடுவதால் நாய்க்கு எந்த ஆரோக்கியமும் கூடுவதில்லை. ஆபரேஷன் செய்யாத பெண் நாய்க்கு வயது ஏற ஏற, ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் கூடுகிறது. பயோமெட்ரா என்போம். தண்ணீர் குடம் குடமாகக் குடிக்கும், சாப்பிடாது, சில சமயம் சீழ் வெளியே வரும், சில சமயம் வெளியே வராமல் வயிறு மட்டும் உப்பும். அப்படி உப்புவதுதான் அதிக ஆபத்து. அந்த நேரத்தில் செய்வதும் அதே ஆபரேஷன்தான், செத்துக்கொண்டிருக்கும் நாய்க்கு, இரண்டு மூன்று மடங்கு செலவில். இப்போதே செய்துவிடுங்கள். வரும்போது எடை, கடைசியாக ஹீட் வந்த தேதி, அட்டை மூன்றும் வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல் என்று 28 நாளைக்கு டாக்ஸிசைக்ளின் எழுதினார்கள். ஆறாம் நாளே நாய் நன்றாகச் சாப்பிட்டது, நிறுத்திவிட்டோம். இப்போது மூக்கில் ரத்தம். மருந்து சரியில்லையா? (சேலம்)

மருந்து சரிதான். 28 என்று எழுதியதை 6 என்று படித்ததுதான் சரியில்லை. உண்ணிக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா கிருமி ரத்த வெள்ளணுக்களுக்குள் ஒளிந்துகொள்ளும். காய்ச்சல் விட்டதும் நாய் துள்ளும், கிருமி உள்ளேயே இருக்கும். பிளேட்லெட் அடிமட்டத்துக்குப் போனால் மூக்கில் ரத்தம் வரும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். இன்றே ரத்தப் பரிசோதனை எடுங்கள். கூடவே உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியா இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு மருந்து வேறு. இந்த முறை மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்து முழுக்க முடியுங்கள்.

அப்புறம் உண்ணி. நாய் மேல் தெரிவது கொஞ்சம்தான். மீதி சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் நாய்க்கூண்டின் மூலையிலும் இருக்கிறது. நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டைக் கவனிக்காவிட்டால் அடுத்த கோடையில் மறுபடி எழுதுவீர்கள். ஒரு எச்சரிக்கை: நாய்க்கு உண்ணி எடுக்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். வலிப்பு வந்து சாகும். நாய்க்கு மிச்சமானதைப் பூனைக்கு ஊற்றுகிற சிக்கனம் வேண்டாம்.

சிப்பிப்பாறைக்கு ஏழு வயது, வாய் நாறுகிறது. பல் சுத்தம் செய்ய முழு மயக்கம் வேண்டும், அதற்கு முன் ரத்தப் பரிசோதனை என்கிறார்கள். பில்லை ஏற்றும் வேலைதானே? (தூத்துக்குடி)

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஈறுக்கு அடியில் கருவியை விட உங்கள் சிப்பிப்பாறை சம்மதித்தால் மயக்கம் வேண்டாம். மேலோட்டமாகச் சுரண்டினால் பல் வெள்ளையாகும், நோய் ஈறுக்கு அடியில் அப்படியே இருக்கும். ஏழு வயது நாயின் ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் மயக்கம் கொடுக்கும் டாக்டரிடம் போகாதீர்கள். அதிலும் சிப்பிப்பாறை மாதிரி ஒல்லி வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் போன்ற மயக்க மருந்தில் எழுந்திருக்க ரொம்ப நேரமாகும். இனத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து தேர்ந்தெடுப்பார்கள். எடையையும் அன்று காலை போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், போன வருடத்து எடை உதவாது.

பச்சைக்கிளிக்கு இறகு கொட்டுகிறது. என்ன டானிக்? (தஞ்சாவூர்)

பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள், அவர்கள் மருத்துவரிடம் காட்டுவார்கள். பயந்துபோய்க் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள், பறக்கத் தெரியாத கிளியைக் காக்காய் கொத்திவிடும். லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல் வளர்ப்பவர்கள் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

சென்னைக்கு மாறி வந்திருக்கிறோம். பெரிய வியாதி என்றால் எங்கே போவது? 1962க்கு அழைத்தால் வருவார்களா? (தாம்பரம்)

1962 முக்கியமாக ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கான நடமாடும் சேவை. அவசரத்துக்கு அதையே நம்பி உட்காராதீர்கள். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903இல் தொடங்கியது. அதன் மருத்துவமனையில் கண், எலும்பு, இதயம் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு, கட்டணமும் தனியாரைவிடக் குறைவு. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். பயிற்சி மாணவர்கள் நாலு தடவை அதே கேள்வியைக் கேட்பார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள். வீட்டுப் பக்கத்தில் இரவில் திறந்திருக்கும் தனியார் மருத்துவமனை எது என்பதை இப்போதே விசாரித்து எண்ணை வாங்கி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தேடாதீர்கள். மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமமும் எடுக்க வேண்டும், அதற்கும் ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள். அட்டை!

இரண்டு மாதக் குட்டி விளையாட்டாக என் மகளின் கையைக் கடித்து லேசாக ரத்தம் வந்தது. வீட்டுக் குட்டிதானே, ஊசி தேவையா? (விழுப்புரம்)

தேவை. இரண்டு மாதக் குட்டிக்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்க முடியாது. எங்கிருந்து வந்தது, அதன் தாயை எது கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், இலவசம்தான். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். குட்டியைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான். அதற்காக மகளின் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

முயலுக்கு நாளைக் காலை ஆபரேஷன். இன்று இரவிலிருந்து பட்டினி போட வேண்டுமா? (கோவை)

வேண்டாம். அது நாய், பூனைக்குச் சொல்வது. முயலுக்கு வாந்தி வராது, குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் வயிறு காய்ந்தாலே ஆபத்து. புல்லும் தண்ணீரும் கூண்டிலேயே இருக்கட்டும். ஆபரேஷன் முடிந்தவுடன் சாப்பிட வைக்க, அது விரும்பித் தின்னும் கீரையில் ஒரு கட்டு கையோடு எடுத்துப் போங்கள்.