திறக்காமல் முடியும் என்றால் எதற்குத் திறக்க வேண்டும்?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. அடிக்கடி வரும் தலைவலிக்காக ஸ்கேன் எடுத்தபோது, மூளையின் நடுத் தமனி கிளை பிரியும் இடத்தில் 8 மில்லிமீட்டர் அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய்ச் சுவர் பை போலப் புடைத்த வீக்கம், இருப்பது தெரிந்தது. வெடிக்கவில்லை. மண்டையைத் திறந்து கிளிப் போட வேண்டும் என்கிறார் ஒரு டாக்டர். தொடை வழியாகக் குழாய் விட்டுக் காயில் வைத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். திறக்காமல் முடியும் என்றால் எதற்குத் திறக்க வேண்டும்?

பதில்: உங்கள் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் தழும்பின் அளவை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அந்த வீக்கம் ரத்தக்குழாயில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

பை ரத்தக்குழாயோடு சேரும் வாய்ப்பகுதியைக் கழுத்து என்போம்; கிளிப் அதை வெளியிலிருந்து கவ்வி அடைக்கும். கழுத்து குறுகிய பை என்றால், உள்ளே நிரப்பும் பிளாட்டினச் சுருள் (இதுதான் காயில்) அங்கேயே நிற்கும். அதைச் சுற்றி ரத்தம் உறைந்து பை அடைபடும். கழுத்து அகலம் என்றால் சுருள் குழாய்க்குள் நழுவிவிடக்கூடும். அதைத் தடுக்க ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்தால், ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளைப் பல மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இருக்கும் இடம் கொஞ்சம் வில்லங்கமானது. அங்கே கழுத்து பெரும்பாலும் அகலமாக இருக்கும். கிளைகள் பையின் அடியிலிருந்தே கிளம்பும். ஆனால் அறுவை நிபுணரின் கைக்கு அது எளிதில் எட்டும். அதனால் கிளிப் சொன்னவர் பழைய காலத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இதுவே மூளைத்தண்டுக்கு முன்னால் ஆழத்தில் இருந்திருந்தால், காயில் பக்கம்தான் நான் சாய்ந்திருப்பேன்.

காயிலையும் கிளிப்பையும் ஒப்பிட்டு 2002-இல் வெளியான ஐசாட் (ISAT) ஆய்வை யாராவது உங்களுக்குக் காட்டக்கூடும். 2,143 நோயாளிகள், ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் காயில் பிரிவில் 23.7 சதவீதம், கிளிப் பிரிவில் 30.6 சதவீதம். நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் அனியூரிசம் வெடித்திருந்தது. அந்தக் கணக்கை அப்படியே உங்கள் அம்மாவுக்குப் போடக் கூடாது.

காயில் வைத்தால் சில நாளில் வீடு திரும்பலாம். ஆனால் சுருள் நாளடைவில் அமுங்கி, பை மறுபடி நிரம்பக்கூடும். வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், சிலருக்கு மறுசிகிச்சையும் தேவைப்படும். கிளிப் போட்டால் உடம்பு தேறப் பல வாரங்கள் ஆகும், வலிப்பு வரும் அபாயமும் உண்டு. ஆனால் சரியாகப் போட்ட கிளிப் அனேகமாகக் காலத்துக்கும் நிற்கும்.

ஒன்றும் செய்யாமல் கவனிப்பதும் ஒரு வழிதான். 2003-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், முன்பக்கத் தமனிகளில் (உங்கள் அம்மாவுடையதும் இந்த வகைதான்) 7 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலானவை 5 ஆண்டுகளில் வெடித்தது சுமார் 2.6 சதவீதம். 80 வயது என்றால் விட்டுவிடலாம் என்பேன். 54 வயதில், இன்னும் எத்தனையோ ஐந்தாண்டுகள் இருக்கின்றன. எந்த வழி என்றாலும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும்.

அப்புறம், அந்தத் தலைவலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம். சிகிச்சை முடிந்த பிறகும் வலி தொடர்ந்தால் ஏமாற்றம் அடையாதீர்கள். ஆனால் இதுவரை இல்லாத அளவுக்குத் திடீரென இடி விழுந்தாற்போல வலித்தால், ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு டாக்டர்களும் ஒரே ஆஞ்சியோகிராமைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பையின் கழுத்து எவ்வளவு அகலம் என்றும் கேளுங்கள். 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் அகலக் கழுத்து என்று கணக்கு. அப்போது காயில் சொன்னவரிடம், ஸ்டென்ட் இல்லாமல் சுருளை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.