முன்மாதிரி கேம் கார்ட்ரிட்ஜில் உள்ள பழைய சிப்பின் தரவு அழியாமல் இருக்க என்ன செய்வது?

கீழக்கரையில் கடலோர வீடு, கையில் கடைக்கே வராத ஒரு முன்மாதிரி கார்ட்ரிட்ஜ், உள்ளே கண்ணாடி ஜன்னல் வைத்த சிப். எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சிப்பில் உள்ள தரவை நகலெடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அது ஈப்ராம் (EPROM), அதாவது புற ஊதாக் கதிரால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதக்கூடிய நினைவகச் சிப், 1971-ல் இன்டெல்லில் டோவ் ஃபுரோமன் உருவாக்கிய வகை. உள்ளே அடைபட்ட எலக்ட்ரான்கள்தான் தரவு. அவை வருடக்கணக்கில் மெல்லக் கசியும், புற ஊதாக் கதிர் பட்டால் மளமளவென்று வெளியேறிவிடும். நேரடி வெயிலில் சுமார் ஒரு வாரம், டியூப்லைட் வெளிச்சத்தில் சுமார் 3 வருடம் போதும் என்று தயாரித்தவர்களின் தரவுத்தாள்களே சொல்கின்றன. நம் பக்கத்து வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்! அதனால் ஜன்னல் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள், அதில் பேனாவால் எழுதிய தேதியும் பதிப்பு எண்ணும்கூட வரலாறுதான். பசை காய்ந்து ஓரம் தூக்கியிருந்தால் அதன் மேலேயே ஒளி புகாத டேப் ஒட்டுங்கள். வெறும் அலுமினியத் தாள் வேண்டாம், நழுவிச் சிப்பின் உலோகக் கால்களில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

நகலெடுக்க, ஈப்ராம் புரோகிராமர் என்ற கருவியில் சிப்பைப் பல தடவை படித்து, செக்சம் (படித்த தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒவ்வொரு முறையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மாறினால் சில பிட்டுகள் பலவீனமாகிவிட்டன என்று அர்த்தம். அப்போது சிப்புக்குக் கொடுக்கும் 5 வோல்ட் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் படித்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

அடுத்த எதிரி உப்புக் காற்று, கால்களை அரித்துவிடும். நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி, மொட்டை மாடிச் சூடு இறங்காத உள் அறையில் வையுங்கள். எடுத்த நகலை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள், ஒன்றாவது வேறு ஊரில்.