சட்டத்தரணி பதில்கள்: இடமாற்றம் தண்டனை ஆகாது

கேள்வி: என்ரை மகனுக்குப் பத்தொன்பது வயது. ட்ரக்டர் ஓடுறவன். மூன்று கிழமைக்கு முன் மணல் ஏத்தி வரேக்கை மறிச்சு, பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் இரவு முழுக்க வைச்சு அடிச்சிருக்கினம். பெர்மிட் இல்லாமல் ஏத்தினது உண்மைதான். விடிய ஒரு கடதாசியிலை கையெழுத்து வாங்கிப்போட்டு விட்டிட்டினம். சிங்களத்திலை எழுதியிருந்ததாம். வலது காது இப்பவும் இரையுது. இப்ப ஊரிலை ஒருவர் மூலமாக, 50,000 ரூபா தாறம், பேசாமல் இருங்கோ எண்டு சொல்லிவிட்டிருக்கினம். அடிச்சவர் வேறை இடத்துக்கு மாறிப் போறாராம். இதோடை விடுறதோ?
- ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: விடாதீங்கோ அம்மா. கடிதம் கிடைத்த அன்றே நீங்கள் தந்த இலக்கத்துக்கு அழைத்துப் பேசிவிட்டேன். இதழ் வரும்வரை காத்திருக்க உங்களுக்கு நாள் இல்லை. மற்ற வாசகர்களுக்காக அதையே இங்கே எழுதுகிறேன்.

நாள் இல்லை என்று ஏன் சொன்னேன் என்றால், அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. முல்லைத்தீவில் மணல் ஏற்றும் பெடியன் ஒரு மாதத்துக்குள் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்குப் போய் சட்டத்தரணி பிடிப்பது நடக்கிற காரியமா? இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. வவுனியா அலுவலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், ஒரு சதமும் செலவில்லை. முறைப்பாட்டு இலக்கத்தோடு வந்துவிடாதீர்கள். விசாரணை நடக்கிறது என்று ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். உயர் நீதிமன்றம் பிறகு அதைத்தான் கேட்கும். மனுவுக்குச் சட்டத்தரணி வைக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

அடுத்தது காது. அறைந்ததில் செவிப்பறை கிழிந்திருந்தால் அது ஆறிப்போகும். ஆறியபின், அடி விழுந்தது என்று யார் சொல்வது? உள்ளங்காலில் கொட்டனால் அடித்த தடமும் அப்படித்தான், கொஞ்ச நாளில் மாறிவிடும். அதனால் பெரியாஸ்பத்திரியில் காட்டி, சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். காயம் எப்படி வந்தது என்று டொக்டர் கேட்கும்போது மகன்தான் பதில் சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்கிறவர் அல்ல. "ட்ரக்டரால் விழுந்தது" என்று ஒரு வரி அந்த நோயாளர் பதிவில் ஏறிவிட்டால், பின்னர் மன்றில் அந்த ஒரு வரியோடு நாங்கள் படும் பாடு சொல்லி மாளாது.

கையெழுத்துப் போட்ட கடதாசியை நினைத்துப் பயப்பட வேண்டாம். வடக்கில் தமிழும் நிர்வாக மொழி. வாசித்துக் காட்டாத, விளங்காத ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

பெர்மிட் இல்லாதது குற்றம்தான். அதற்கு நீதவான் இருக்கிறார், தண்டப்பணம் இருக்கிறது. அடிக்கிற அதிகாரம் எந்தக் குற்றத்துக்கும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கப்படவில்லை. சித்திரவதைக்கு எதிரான, அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மாற்ற நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டுகூடப் போதாது, நாடு முழுக்கச் சர்வசன வாக்கெடுப்பும் வைக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி சித்திரவதைக்கு ஆகக் குறைந்தது 7 வருடச் சிறை, கூடியது 10 வருடம். அப்படிப்பட்ட குற்றத்துக்குத்தான் உங்களிடம் 50,000 ரூபா விலை பேசுகிறார்கள். மாறிப் போகிறார் என்றால் என்ன அர்த்தம்? இன்னொரு ஊரில் இன்னொரு தாயின் பிள்ளைக்கு முன்னால் அதே சீருடையோடு போய் நிற்பார். ஒழுக்காற்று நடவடிக்கை கேட்டுத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பதிவுத் தபாலில்.

கேள்வி: பொலிசுக்கு எதிராக வழக்குப் போட்டு இந்த நாட்டில் யாராவது வென்றதுண்டா, அக்கா?
- ஒரு மாணவர், வவுனியா

பதில்: உண்டு தம்பி. ஆனால் வென்ற பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான பதில்.

2011இல் சுன்னாகம் பொலிசார் பிடித்த ஓர் இளைஞரின் உடல் எங்கள் இரணைமடுக் குளத்தில் கிடந்தது. தப்பியோடிக் குளத்தில் குதித்தார் என்றார்கள். குடும்பம் விடவில்லை. வருடங்கள் கழித்து யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் சித்திரவதைக் குற்றத்துக்காகப் பொலிசாருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

தெற்கிலும் இதே கதைதான். 2010இல் நுகேகொடையில் ஒருவரைச் சித்திரவதை செய்ததற்குப் பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னக்கோன் பொறுப்பு என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 5 இலட்சம் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது, அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் சொன்னது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். இரண்டு மாதம் கழித்து, 2024 பெப்ரவரியில், அவரையே நிரந்தரப் பொலிஸ் மா அதிபர் ஆக்கினார்கள்! 2024 ஜூலையில் நீதிமன்றம் இடைநிறுத்தி, 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் நீக்கும்வரை அந்தப் பதவி அவருடைய பெயரில்தான் இருந்தது. சித்திரவதை செய்ததாக உயர் நீதிமன்றம் சொன்ன ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்தால், கிராமத்துப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிற கான்ஸ்டபிள் எதைக் கற்றுக்கொள்வார்? எனக்கு அடங்காத கோபம் இதில்தான்.

சாட்சிகளின் பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். வத்தளையில் ஆள்மாறிப் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளான ஜெராட் பெரேரா உயர் நீதிமன்றத்தில் வென்றார். மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல இருந்த நேரம், 2004இல், சுட்டுக் கொல்லப்பட்டார். இப்போது சாட்சிகளைப் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் வாயால் சொல்லிவிட்டு விடாமல், திகதி போட்டு எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் வந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் நாங்கள் உடனே என்ன செய்வது?
- ஒரு வாசகி, மாங்குளம்

பதில்: எந்தப் பொலிஸ் நிலையம், என்ன காரணம் என்று கேட்டு, நேரத்தையும் வாகன இலக்கத்தையும் குறியுங்கள். ஒருவர் பின்னாலேயே பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள், மற்றவர் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கட்டும். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வர உரிமை உண்டு, "பிறகு வாங்கோ" என்றால் திரும்பி வராதீர்கள். சாதாரண வழக்கென்றால் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அங்கே நீதவான் கேட்காவிட்டாலும், "ஐயா, எனக்கு அடித்தார்கள்" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அது வழக்கேட்டில் பதியப்பட்டதா என்று சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லுங்கள்.