மருத்துவமா, மருந்து வேதியியலா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் எச்2 (உயர்நிலைப் பாடப்பிரிவு) வேதியியலும் உயிரியலும் படிக்கும் உங்கள் மகள், மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க மறுத்து, மூளை நோய்களுக்கான மருந்து மூலக்கூறுகளை உருவாக்கும் ஆய்வுக்குப் போகப்போவதாகச் சொல்வது உங்களைக் கலங்க வைத்திருப்பது இயல்பே. இத்துறையில் வேலை உண்டு, அம்மா. ஆனால் ஆய்வுப் பணியின் வாசல் பெரும்பாலும் முனைவர் பட்டத்துக்குப் பிறகே திறக்கிறது. பட்டப்படிப்புக்குப் பின் மேலும் நான்கைந்து ஆண்டுகள் என்று இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அவர் விரும்பும் வேலை எத்தகையது என்பதற்கு அல்சைமர் நோய்க்கான இரண்டு மருந்துகளே போதும். டொனெபெசில், நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. மெமன்டைன், குளூட்டமேட் என்ற மற்றொரு செய்திப் பொருளை நரம்பணுவில் ஏற்கும் என்எம்டிஏ ஏற்பியின் அயனிப் பாதையை (மின்னூட்டத் துகள்கள் செல்லும் வழியை) அடைக்கிறது. இரண்டும் நோயைக் குணப்படுத்துவதில்லை, அறிகுறிகளை ஓரளவு தணிக்கின்றன. மெமன்டைன் 1960களில் நீரிழிவுக்காகத் தயாரிக்கப்பட்டு, இரத்தச் சர்க்கரையைக் குறைக்காததால் பயனற்றுப் போன மூலக்கூறு; அல்சைமருக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது 2003இல்தான். வலுவாகத் தடுப்பதே சிறந்த மருந்து என்று தோன்றும். ஆனால் அதே ஏற்பியை மிக இறுகப் பிடிக்கும் எம்கே-801 என்ற மூலக்கூறு அல்சைமர் மருந்தாகவில்லை. மிதமாகப் பற்றி விரைவில் விலகும் மெமன்டைன் மருந்தாயிற்று. இத்தகைய நுட்பத்தைத் தேடி, மூலக்கூறின் ஓரத்தில் ஓர் அணுத்தொகுதியை மாற்றி, அதை வேதிவினைகளால் தொகுத்து, தூய்மைப்படுத்தி, அது இரத்தத்திலிருந்து பொருள்கள் மூளைக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் இரத்த-மூளைத் தடுப்பைக் கடக்கவில்லை என்று அறிந்து, மறுபடி தொடங்குவதே அன்றாடப் பணி. கரிம வேதியியல் செய்முறை வகுப்பில் அவருக்குப் பொறுமை இருக்கிறதா என்று கேளுங்கள். மதிப்பெண்ணைவிட அதற்கான பதிலையே நான் நம்புவேன்.

மூலக்கூறைத் தன் கையால் உருவாக்க விரும்பினால், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ வேதியியல் எடுக்கட்டும். அதன் விளைவைச் சோதிக்க விரும்பினால் மருந்தியலோ உயிரறிவியலோ பொருந்தும். மருந்தாளராகப் பதிவுசெய்ய வழிவிடும் பார்மசி பட்டம், பெற்றோரான உங்களுக்கு நிம்மதி தரும், ஆனால் அதன் நோக்கம் நோயாளிப் பராமரிப்பு என்பதை மறக்க வேண்டாம்.

இங்குள்ள நிலைமையையும் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். 2003இல் திறக்கப்பட்ட பயோபொலிஸ் என்ற உயிர்மருத்துவ ஆய்வு வளாகத்தைச் சுற்றி ஆய்வகங்கள் வளர்ந்தன. அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் சேர்ந்து உருவாக்கிய இடிசி-159 என்ற நொதித் தடுப்பான், புற்றுநோயாளிகளிடம் 2015இல் சோதனைக்கு வந்தது. மறுபுறம், இங்கே தொடங்கப்பட்ட, சுவிஸ் மருந்து நிறுவனமான நொவார்ட்டிஸின் வெப்பமண்டல நோய் ஆய்வுக்கழகம் பின்னர் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது; மூலக்கூறு தொகுக்கும் வேலையில் பெரும்பங்கு சீன, இந்திய ஒப்பந்த நிறுவனங்களுக்கும் போகிறது. ஆய்வு கைகூடாவிட்டால் தொழிற்பகுதியான துவாஸில் உள்ள மருந்து ஆலைகளின் உற்பத்தியும் தரக்கட்டுப்பாடும் வேதியியல் பட்டதாரிகளுக்கு இடம் தரும்.

ஏ லெவல் தேர்வு முடிந்ததும் ஓர் ஆய்வகத்தில் சில வாரப் பயிற்சிக்கு அவரே எழுதிக் கேட்கட்டும். முனைவர் படிப்புக்கான உபகாரச் சம்பளம் கிடைக்கும் நிலை வந்தால், படிப்புக்குப் பின் கட்டாயமாகப் பணியாற்ற வேண்டிய பணி ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு, பிணையாளர் தேவையா என்பவற்றை எழுத்தில் பெற்று, இருவரும் சேர்ந்து படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.