ரிமாண்டுக்கு முன்பா, பின்பா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

குற்ற வழக்குகள் பற்றி வரும் கடிதங்களில் நான் முதலில் தேடுவது தேதியைத்தான். எப்போது கைது, எப்போது ரிமாண்டு (மாஜிஸ்திரேட் உத்தரவால் காவலில் வைப்பது), வழக்கறிஞரைத் தேடியது எந்த நாள்? இடைவெளி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குக் குறைவதில்லை. அந்த வாரம் முழுவதும் உள்ளூர்ப் பெரியவர்களையும் 'ஸ்டேஷனில் தெரிந்தவர்'களையும் பார்ப்பதில் போயிருக்கும்.

பங்குதாரர் என் மீது பண மோசடிப் புகார் கொடுத்திருக்கிறார். உதவி ஆய்வாளர் போனில் அழைத்து, "பத்து நிமிடம் பேசிவிட்டுப் போங்கள்" என்கிறார். வழக்கறிஞரோடு போனால் தப்பு செய்தவன் என்று நினைப்பார்களோ? (ஈரோடு)

நினைத்தால் நினைக்கட்டும். நினைப்பு சாட்சியமாகாது, நீங்கள் அங்கே எழுதிக் கொடுப்பது ஆகும். பத்து நிமிடம் என்று போன ஒருவரை நான் முதன்முதலில் சந்தித்தது கிளைச் சிறையில்.

போவதற்கு முன் உங்கள் வழக்கறிஞர் இரண்டு விஷயங்களை விசாரிப்பார். முதலாவது, முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா, அல்லது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான மனு ரசீது மட்டுமா? பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகள் தவிர, முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது. இரண்டாவது, உங்களை அழைப்பது சாட்சியாகவா, எதிரியாகவா (அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகவா)? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சாட்சியை அழைப்பது 179ஆம் பிரிவு. கைது தேவையில்லாத நிலையில் எதிரிக்கு அறிவிப்பு கொடுப்பது 35(3). இரண்டாவதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

முறைப்படி அறிவிப்பு வந்துவிட்டால் தவறாமல் போய்விடுங்கள். போகாமலிருப்பதே கைதுக்குக் காரணமாகலாம். போய் ஒத்துழைத்தால், காரணத்தை எழுதி வைக்காமல் உங்களைக் கைது செய்ய முடியாது. கணக்குப் புத்தகம், வங்கிப் பதிவுகளோடு எழுத்து மூலமான விளக்கத்தை வழக்கறிஞர் தயார் செய்யட்டும். கைதாகும் அச்சம் நியாயமானதாக இருந்தால், முதல் தகவல் அறிக்கை வருவதற்கு முன்பே முன்ஜாமீன் கேட்கலாம். 1980இலேயே உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்துபோன கேள்வி இது. ஆனாலும் "எஃப்.ஐ.ஆர். வரட்டும் சார்" என்று காத்திருப்பவர்கள் குறையவில்லை.

அடிதடியில் அண்ணனை நேற்று இரவு கொலை முயற்சி வழக்கில் பிடித்துவிட்டார்கள். வழக்கறிஞரை இப்போதே பார்க்க வேண்டுமா, ஜாமீன் மனு போடும்போது பார்த்தால் போதுமா? (திருநெல்வேலி)

இவருக்கு அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தியாக வேண்டும். அதற்குள் விசாரணையின்போது தான் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை கைதானவருக்கு உண்டு (அதே சன்ஹிதாவின் பிரிவு 38). விசாரணை நெடுகிலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் வழக்கறிஞர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாலே பல நிலையங்களில் காற்று மாறும்.

ரிமாண்டின்போது நடுவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று பயந்துபோன மனிதருக்குத் தெரியாது. கைது குறிப்பாணையில் எழுதியிருக்கும் நேரம் உண்மையா? கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுத்தார்களா? எல்லாக் குற்றங்களுக்கும் இது கட்டாயம் என்றும், உடனே கொடுக்க முடியாமல் போனால் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது. உடம்பில் காயம் உண்டா? அதை அங்கே சொல்லிப் பதிவு செய்யாவிட்டால், பிற்பாடு 'சிறையில் வழுக்கி விழுந்தார்' என்றுதான் வரும். 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த பிறகாவது, ரிமாண்டு வெறும் சடங்கு அல்ல என்பது நமக்கு உறைத்திருக்க வேண்டும்.

வழக்கறிஞர் முதல் நாளே குறித்து வைக்கும் இன்னொன்று காலக்கெடு. ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய வழக்கில் 90 நாள், சிறிய வழக்குகளில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் மனுப் போட்டுக் கேட்க வேண்டும், அதுவும் குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன். 91ஆம் நாள் காலையில் மனு போடத் தவறி, மதியம் குற்றப்பத்திரிகை வந்து, கையில் இருந்ததை இழந்தவர்கள் உண்டு.

தம்பி காவல் நிலையத்தில் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். வழக்கு அவ்வளவுதானா? (காஞ்சிபுரம்)

இல்லை. காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் ஓட்டை ஒன்று உண்டு. அவன் சொன்னதன் பேரில் கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். பறிமுதல் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதை எழுதும் பதிவில்) கிராம நிர்வாக அலுவலர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார், அநேகமாக எல்லா வழக்கிலும்.

அதே கிராம நிர்வாக அலுவலரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "போலீஸிடம் போனால் அடிப்பார்கள், வி.ஏ.ஓ.விடம் சரணடைந்துவிடு" என்று உறவினர்கள் யோசனை சொல்வது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். அவர் காவல்துறை அதிகாரி அல்ல. அவரிடம் சொல்வதற்கு அந்தச் சட்டத் தடை பொருந்தாது. இத்தகைய வாக்குமூலத்தை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன என்றாலும், வலியப் போய் அந்தச் சந்தேகத்தைச் சோதிப்பானேன்?

மாமனாரும் நானும் ஒரே வழக்கில் முதல், இரண்டாம் எதிரிகள். செலவைக் குறைக்க ஒரே வழக்கறிஞர் போதுமா? (கரூர்)

இன்று இருவரும் ஒரே கதையைச் சொல்வீர்கள். கட்டை யார் கையில் இருந்தது என்ற கேள்வி வரும் நாளில் ஒருவரைக் காக்க மற்றவரைக் காட்ட வேண்டியிருக்கலாம். தனித்தனியாக வையுங்கள். மாமனார் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கணவர் கஞ்சா வழக்கில் சிறையில் இருக்கிறார். நான் தினக்கூலி. வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லை. (தேனி)

அம்மா, காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எதுவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட அல்லது வட்டச் சட்டப் பணிகள் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். உங்கள் கணவர் சிறையிலிருந்தே மனு எழுதிக் கொடுக்கலாம்.

முதலில் பிடிபட்ட எடையைக் கேளுங்கள். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. அதில் ஜாமீன் மிகக் கடினம். கிராம் கணக்கில் இருந்தால் வழக்கின் நிறமே வேறு. எடை போட்ட விதம், மாதிரி எடுத்த விதம், சோதனையின் வீடியோ பதிவு, எல்லாம் தொடக்கத்திலேயே பார்க்கப்பட வேண்டியவை.

ஒரு வழக்கறிஞர் "ஜாமீன் உறுதி, மேலேயும் கொஞ்சம் கொடுக்க வேண்டும்" என்கிறார். (பெயர், ஊர் வேண்டாம்)

வேறு ஆளைப் பாருங்கள். இன்றைக்கே.

புகார் வரும் என்று தெரிந்ததும் பயத்தில் வாட்ஸ்அப் உரையாடல்களை அழித்துவிட்டேன். இதை வழக்கறிஞரிடம் சொல்லலாமா? (கோயம்புத்தூர்)

அவரிடம்தான் சொல்ல வேண்டும். நடந்ததைப் பற்றி நீங்கள் ஆலோசனை கேட்டுச் சொல்வதை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியிடக் கூடாது என்பது சாட்சியச் சட்டம். இனிமேல் எதையும் அழிக்காதீர்கள்; ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம். எதிர்முனையில் இருப்பவரின் போனில் அந்த உரையாடல் அப்படியே இருக்கும். அது நீதிமன்றத்தில் வரும்போது உங்கள் வழக்கறிஞர் அதை முதல் தடவையாகப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது.