நண்டுக்கு ‘அன்றைய விலை’ என்றால் எவ்வளவு?

கேள்வி: துறைமுக ஊர் ஒன்றில் சாப்பிடப் போனோம். மெனுவில் நண்டுக்கு நேரே ‘அன்றைய விலை’ என்று மட்டும் போட்டிருந்தது. சர்வர் ஒரு தொகை சொன்னார். பில்லில் அதைப்போலப் பல மடங்கு. இது ஏமாற்றுத்தானே?

பதில்: ‘அன்றைய விலை’ என்று போடுவதில் தப்பில்லை. படகில் என்ன வருகிறதோ அதைப் பொறுத்து மீன் விலை ஏறும், இறங்கும். சண்டை வருவது பெரும்பாலும் எடையில்தான். சர்வர் சொல்வது 100 கிராமுக்கான விலையாக இருக்கும். நாம் அதை ஒரு தட்டுக்கு என்று எடுத்துக்கொள்வோம். 800 கிராம் நண்டு என்றால் பில்லில் எட்டு மடங்கு நிற்கும்.

ஆர்டர் சொல்லும் முன்பே கேளுங்கள்: இந்த விலை எத்தனை கிராமுக்கு? உயிரோடு போட்ட எடையா, சமைத்த பிறகா? சமையல் கூலியும் வரியும் இதில் அடக்கமா? தராசு பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள். மொத்தத் தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித்தர இழுத்தடிக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. கொடுக்கைக் கட்டிய கயிறையும் கவனியுங்கள்: தண்ணீரில் ஊறிய தடிக்கயிறு நண்டு விலைக்கே எடையில் ஏறும்.

கழிவையும் கணக்கில் வையுங்கள். நண்டின் எடையில் சதையாகத் தேறுவது பெரும்பாலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். முழு இறாலில் தலை போனாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஓட்டையும் உரித்தால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ‘கிலோ மலிவு’ என்று தோன்றுகிற முழு இறால், உரித்த இறாலைவிடக் கடைசியில் விலை கூடியதாக முடிவதும் உண்டு.

கேள்வி: தொட்டியில் இருந்ததிலேயே பெரிய நண்டாகப் பார்த்து எடுத்தேன். உடைத்தால் உள்ளே தண்ணீர். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நீங்கள் எடுத்தது அண்மையில் ஓடு மாற்றிய நண்டு. பழைய ஓட்டைக் கழற்றியதும் நண்டு தண்ணீரை உறிஞ்சி உடம்பைப் பெரிதாக்கிக்கொள்ளும். புது ஓடு பெரிதாகிவிடும். அதற்குள் சதை நிரம்ப வாரக்கணக்கில் ஆகும். ஆளைப் பார்த்தால் பெரிசு, உள்ளே ஒன்றும் இருக்காது.

நண்டைத் திருப்பி, அடிப்பக்கத்தில் கால்கள் தொடங்கும் இடத்துக்கு அருகே கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் வேண்டாம், கல்போல இருந்தால் எடுக்கலாம். பளபளவென்று சுத்தமாக இருக்கும் ஓட்டைவிட, அழுக்கேறி, கொடுக்கின் பற்கள் தேய்ந்து, மேலே சிறு சிப்பிகள் ஒட்டியிருக்கும் ஓடுதான் நல்லது: ஓடு மாற்றி நாளாகிவிட்டது என்று பொருள். ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். வெளியே முட்டை தொங்கும் பெண் நண்டைப் பிடிக்கப் பல நாடுகளில் தடை இருக்கிறது. யாராவது நீட்டினாலும் விட்டுவிடுங்கள். செத்த நண்டு பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். செத்ததும் அதன் சதை வேகமாகக் குழைந்து கெடும்.

கேள்வி: சந்தையில் நாமே மீன் வாங்கிக் கொடுத்தால், பக்கத்துக் கடையில் கூலிக்குச் சமைத்துத் தருவார்கள் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: செலவு குறையும், மீனையும் நீங்களே பார்த்து எடுக்கலாம். பயம் ஒன்றுதான்: உள்ளே போகும் மீனும் தட்டில் வரும் மீனும் வேறாக இருப்பது. கொடுக்கும் முன் வால் துடுப்பில் சின்னதாக ஒரு வெட்டுப் போடச் சொல்லுங்கள். தலையும் வாலும் தட்டில் வர வேண்டும் என்றும் சொல்லுங்கள். தராசில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கூலி கிலோவுக்கா, பண்டத்துக்கா என்பதையும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். மசாலா, எண்ணெய், சோறு என்று பில்லைத் தனித்தனியாக நீட்டும் கடைகள் உண்டு.

கேள்வி: சமைக்காத சிப்பியில் எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடுமா?

பதில்: சாகாது. காரச் சட்னியும் மதுவும்கூட அதைக் கொல்லாது. சிப்பியில் இருக்கக்கூடிய விப்ரியோ என்ற பாக்டீரியா வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகும். கல்லீரல் நோய், நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் நன்றாக வேகவைத்ததை மட்டுமே சாப்பிட வேண்டும். கடலில் நச்சுள்ள செம்பாசி பெருகி, சிப்பி எடுக்கத் தடை போட்டிருந்தால் வேகவைத்தும் பயனில்லை. அந்தப் பாசியின் நஞ்சு சூட்டில் அழியாது.

கேள்வி: சூரை மீன் சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிப்பு. இனி மீனே ஆகாதா?

பதில்: உடனே அப்படி முடிவுகட்ட வேண்டாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால், பாக்டீரியா அவற்றில் இப்படிச் சிவப்பும் அரிப்பும் தரும் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். பிறகு பொரித்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. மீன் பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே இருக்கலாம். சில நேரம் நாக்கில் மிளகுபோல ஒரு சுரீர் தெரியும். தெரிந்தால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள். அதே மீனைச் சாப்பிட்ட இன்னொருவருக்கும் இப்படி வந்திருந்தால் குற்றம் மீனில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் மூச்சுத் திணறலோ தொண்டை வீக்கமோ இருந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் தர அதுதான் சான்று.

கேள்வி: மீனை விமானத்தில் கொண்டுவர முடியுமா?

பதில்: குடலெடுத்து, முந்தின இரவே கல்லாக உறைய வைத்தது என்றால் எளிது. தண்ணீர் ஐஸ் உருகி ஒழுகினால் பெட்டியை ஏற்ற மறுப்பார்கள். உறைய வைத்த ஜெல் பைகளை வையுங்கள், காலி இடத்தைக் காகிதத்தால் அடையுங்கள். உலர் பனிக்கட்டி (டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு) என்றால் பொதுவாக ஒருவருக்கு 2.5 கிலோ வரைதான், அதுவும் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு. அந்தப் பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடாதீர்கள்: ஆவியாகும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். வேறு நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டின் இறக்குமதி விதியை மீன் வாங்கும் முன்பே பாருங்கள், சுங்கத்தில் மறைக்காமல் சொல்லுங்கள்.