டிவிஷன் 3 என்றால் மூன்றாம் தரமா?

மகனை அமெரிக்கன் ஃபுட்பால் ஆட இங்கே அமெரிக்காவில் டிவிஷன் 3 கல்லூரி ஒன்று கூப்பிட்டிருக்கிறது, அது மட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ முகம் சுளித்திருப்பார்கள். எங்கள் பையனும் டிவிஷன் 3தான், எங்கள் வீட்டில் முகம் சுளித்தவர் மாமனார். சென்னை லீக் கிரிக்கெட்டில் நாலாவது டிவிஷன் ஆடியவர், நன்றாக ஆடினால் மேலே, சொதப்பினால் கீழே என்பதுதான் அவருக்குத் தெரிந்த டிவிஷன். "அப்போ அடுத்த வருஷம் ரெண்டாவதுக்கு வந்துடுவானாம்மா?" என்றார்.

வர மாட்டான். ஒஹையோவின் மவுன்ட் யூனியன் பல்கலைக்கழகம் 13 முறை டிவிஷன் 3 சாம்பியன், இன்னமும் டிவிஷன் 3தான். கல்லூரி விளையாட்டில் எவ்வளவு பணம் போடுகிறது என்பதுதான் இங்கே கணக்கு. டிவிஷன் 1லேயே 1978லிருந்து இரண்டு தட்டு, டிவியில் பார்க்கும் பெரிய ஸ்டேடியமெல்லாம் மேல்தட்டு. டிவிஷன் 2ல் பெரும்பாலும் காலும் அரையுமாக உதவித்தொகை. 3ல் ஆட்டத்துக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது, மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் பார்த்துத்தான் தருவார்கள்.

நானும் அசடு வழிந்தவள்தான், பையன் பள்ளியில் ஆடியபோது. பள்ளி டிவிஷன் வேறு கணக்கு. டெக்சஸில் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரிப்பது மாணவர் எண்ணிக்கையை வைத்து. பெரிய பள்ளிகளின் 6ஏயில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலிருந்தும் (ஒன்றோடொன்று ஆடும் பள்ளிகளின் குழு) ப்ளேஆஃப் போகும் நாலு பள்ளிகளில் பெரிய இரண்டு டிவிஷன் 1, சின்ன இரண்டு டிவிஷன் 2. இது தெரியாமல், முதலிடம் பிடித்த எங்கள் பிள்ளைகளை எப்படி இரண்டில் போடலாம் என்று கோச்சுக்கு ஒரு பக்கத்துக்கு மெயில் எழுதினேன். "நம்ம ஸ்கூல் சின்னது, மேடம்" என்று ஒரே வரியில் பதில். பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உடனே சண்டைக்கு வராதீர்கள், 1ம் 3ம் ஒன்று என்று நான் சொல்லவில்லை. உடம்பு, வேகம் எல்லாமே வேறு. ஆனால் ஹோபார்ட் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் ஆடிய அலி மார்பெட்டை, தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2015 டிராஃப்டில் 61வது ஆளாக எடுத்தார்கள், பிறகு அந்த லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலே ஜெயித்தார். என் பையன் அப்படியெல்லாம் இல்லை, அது எனக்கே தெரியும்.

அப்புறம், கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் தீபாவளி விழாவை வருஷா வருஷம் சனிக்கிழமை மத்தியானம்தான் வைப்பார்கள். கல்லூரி ஆட்டமும் அதே நேரம். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறேன், ஹால் கிடைக்கவில்லையாம். அப்புறம் அவர்களே, "பையனைக் கண்ணிலேயே காட்ட மாட்டேங்கறீங்களே" என்கிறார்கள்.